சின்ன ஜீப்புகள் எளிதில் குடை சாயுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குட்டியாக ஒரு ஃபோர் வீல் டிரைவ் வாங்கலாம் என்று வாயைத் திறந்தால் போதும், "அது கவிழ்ற வண்டியாச்சே" என்று ஒருவர் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் "அதெல்லாம் பத்திரிகைக்காரங்க கட்டிவிட்ட கதை" என்பார். இரண்டு பேச்சிலும் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதி தெரியாமல் வண்டி எடுப்பதுதான் ஆபத்து. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு, எனக்கு நிச்சயமாகத் தெரிந்த வரையில் இங்கே பதில் எழுதுகிறேன்.

சின்ன ஜீப் என்றாலே கவிழும் என்கிறார்களே, உண்மையா?

தாழ்வான காரோடு வைத்துப் பார்த்தால் சீக்கிரம் கவிழும். இதில் சந்தேகமே வேண்டாம், டேப் வைத்து அளந்து பார்க்கக்கூடிய விஷயம் இது. அதற்காக, வளைவில் திரும்பினாலே படுத்துவிடும் என்று நினைப்பதும் தப்பு. சரியான டயர், அளவான பாரம், பதற்றமில்லாத ஓட்டம் இருந்தால் இந்த வண்டிகள் வருஷக்கணக்கில் ஒழுங்காக ஓடும்.

கவிழ்வது அரிது, ஆனால் நடந்துவிட்டால் கொடூரம். எல்லா வகைப் பயணிகள் வண்டிகளையும் சேர்த்து அமெரிக்காவில் 2010இல் எடுத்த கணக்கில், மொத்த விபத்துகளில் வண்டி கவிழ்ந்தவை 2.1 சதவீதம்தான். சாவுகளிலோ கிட்டத்தட்ட 35 சதவீதம் அவற்றில் நேர்ந்தவை. எனக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு அக்கறை வந்ததற்கு இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் காரணம்.

ஒரு வண்டி கவிழுமா கவிழாதா என்பதை எது முடிவு செய்கிறது?

முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு அளவுகள். ஒன்று, இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே உள்ள அகலம். இன்னொன்று, வண்டியின் மொத்த எடையும் ஒரே புள்ளியில் கூடி நிற்பதாக நினைத்துக்கொண்டால் அந்தப் புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. அதை ஈர்ப்பு மையம் என்கிறோம். அகலத்தில் பாதியை எடுத்து இந்த உயரத்தால் வகுத்தால் ஒரு எண் வரும். அதன் பெயர் நிலைத்தன்மைக் காரணி.

கணக்குக்காக, சக்கர அகலம் 1,300 மில்லிமீட்டர், ஈர்ப்பு மையம் 600 மில்லிமீட்டர் உயரத்தில் உள்ள ஒரு சின்ன ஜீப்பை எடுத்துக்கொள்வோம். 650ஐ 600ஆல் வகுத்தால் 1.08. ஒரு சாதாரண காருக்கு அகலம் 1,500, உயரம் 530 என்றால் 1.41 வரும். காரைச் சாய்க்க அதன் எடையைப் போல 1.41 மடங்கு விசை பக்கவாட்டில் தள்ள வேண்டும். ஜீப்புக்கு 1.08 மடங்கே போதும்.

காய்ந்த தார் ரோட்டில் சாதாரண டயரின் பிடிப்பு வண்டியின் எடையில் முக்கால் பங்கிலிருந்து 0.9 பங்கு வரை இருக்கும். அதனால் காராக இருந்தால், அளவுக்கு மீறித் திருப்பும்போது டயர் முதலில் பிடி விட்டுச் சறுக்கிவிடும், கவிழாது. ஜீப்புக்கும் காகிதத்தில் அப்படித்தான். ஆனால் அந்த 1.08க்கும் டயரின் பிடிப்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி ரொம்பக் குறைவு. திருப்பத்தில் பாடி ஒரு பக்கம் சாய்கிறது, வெளிப்பக்க டயர் நசுங்குகிறது, ஸ்பிரிங் அமுங்குகிறது. அந்தக் கொஞ்ச இடைவெளியையும் இவை தின்றுவிடும்.

அப்படியானால் ஏன் அகலமாகவும் தாழ்வாகவும் செய்யக் கூடாது? செய்தால் அது காட்டுக்குள் போகாது. ஒற்றையடிப் பாதையில் இரண்டு மரங்களுக்கு நடுவே நுழைய ஒடுக்கமான உடம்பு வேண்டும், கல் தட்டாமல் போக அடிவயிறு உயரமாக இருக்க வேண்டும். எந்தக் குணத்துக்காக இந்த வண்டியை வாங்குகிறோமோ அதே குணத்தில்தான் இதன் பலவீனமும் இருக்கிறது.

வளைவில் வேகமாகப் போனால்தானே கவிழும்? நான் நிதானமாகத்தான் ஓட்டுவேன்.

இதுதான் நிறைய பேர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம். ஒரு தீப்பெட்டியையும் ஒரு மரப்பலகையையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் தட்டையாகப் படுக்க வைத்து, பலகையின் ஒரு முனையை மெதுவாகத் தூக்குங்கள். பெட்டி வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும். இப்போது அதையே ஒடுக்கமான முனையில் நிமிர்த்தி வைத்துத் தூக்குங்கள். வழுக்குவதற்கு முன்பே பொத்தென்று விழும். கார், ஜீப் வித்தியாசம் இதுதான்.

அடுத்ததைப் பாருங்கள். தீப்பெட்டியை அதன் நீளமான ஓரத்தில் நிறுத்தி, வழுவழுப்பான மேஜை மேல் அடிப்பக்கமாக விரலை வைத்துத் தள்ளுங்கள். ஒழுங்காக நகரும். அது போகும் வழியில் ஒரு ஸ்கேலைக் குறுக்கே வையுங்கள். இடித்த நொடியில் பெட்டி தலைகுப்புற விழும். நீங்கள் தள்ளிய வேகம் அதேதான். ஸ்கேல் தடுக்கிவிட்டது.

ரோட்டில் அந்த ஸ்கேலின் வேலையைப் பார்ப்பது ரோட்டோரத்து இளகிய மண், நடைபாதைக் கல், பள்ளத்தின் விளிம்பு, வாய்க்கால் கரை. அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் கணக்குப்படி, வேறு வண்டி சம்பந்தப்படாமல் தானாகக் கவிழும் விபத்துகளில் 95 சதவீதம் இப்படித் தடுக்கி நடப்பவை. வெறும் தார் ரோட்டில் ஸ்டீயரிங்கை ஒடித்ததால் மட்டும் கவிழ்ந்தவை மிகக் குறைவு.

வழக்கமாக நடப்பது இதுதான்: இடது சக்கரங்கள் தார் விளிம்பை விட்டு மண்ணில் இறங்குகின்றன. ஓட்டுபவர் பதறி ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடிக்கிறார். வண்டி ரோட்டைக் குறுக்காக வெட்டுகிறது, உடனே இடது பக்கம் ஒடிக்கிறார். பின்பக்கம் வீசி, வண்டி பக்கவாட்டில் நகர்ந்து எதிர்ப்பக்க மண்ணில் டயரைப் புதைக்கிறது. அப்புறம் பல்டிதான். சக்கரம் மண்ணில் இறங்கிவிட்டால் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்து, வேகம் நன்றாகக் குறைந்த பிறகு மெதுவாக மேலே ஏற்றுங்கள். கொஞ்ச தூரம் மண்ணிலேயே போனாலும் குடி முழுகாது.

இந்த வண்டிகளுக்குக் கெட்ட பெயர் எப்போது வந்தது?

ராணுவத்திலேயே ஆரம்பித்துவிட்டது. அமெரிக்க ராணுவம் 1960களில் ஓட்டிய எம்151 என்ற சின்ன ஜீப்பின் பின் சஸ்பென்ஷன், திருப்பத்தில் உடம்பு தூக்கும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்குகிற மாதிரி அமைந்திருந்தது. சக்கரம் மடங்கினால் நின்றுகொண்டிருக்கும் அகலமே குறைந்துவிடும். நிறைய கவிழ்ந்தன. பிறகு எம்151ஏ2 என்ற மாற்றத்தில் பின் சஸ்பென்ஷனைத் திருத்தினார்கள். 1980களில் ரோல் கேஜும், அதாவது கவிழ்ந்தால் ஆட்களைக் காக்கும் கம்பிக் கூண்டும், பொருத்தினார்கள். ஓய்வு பெற்ற வண்டிகளைப் பொதுமக்களுக்கு விற்காமல் துண்டாக வெட்டிக் கழித்தார்கள் என்பதிலிருந்தே பயம் எவ்வளவு என்று தெரியும்.

மக்கள் மத்தியில் பேச்சானது 1980 டிசம்பரில். அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில், காப்பீட்டு கம்பெனிகளின் பணத்தில் நடக்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒன்று நடத்திய சோதனையில் சிஜே-5 ஜீப் கவிழ்வதைக் காட்டினார்கள். கொஞ்சும் அளவுக்குச் சின்ன வண்டி அது, 1955 மாடலிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்தச் சில கவிழ்தல்களைப் பிடிக்க 400 தடவைக்கு மேல் ஓட்டினார்கள் என்ற விமர்சனம் பின்னால் வந்தது. சிஜே-5 1983இல் நின்றது. அதே குடும்பத்து சிஜே-7க்குப் பதிலாக 1987 மாடலாக வந்த ராங்லர் ஜீப் அதைவிடத் தாழ்வாகவும், சக்கர அகலம் கூடுதலாகவும் இருந்தது. சோதனையைப் பற்றி யார் என்ன வாதாடினாலும், வண்டி செய்தவர்கள் எந்தத் திசையில் மாற்றினார்கள் என்று பாருங்கள்.

சுசுகி சாமுராய் விவகாரம் என்ன? உண்மையில் யார் சொன்னது சரி?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சின்ன ஜீப்புகளின் பெயர் இன்றுவரை இந்த ஒரு சண்டையின் நிழலில்தான் இருக்கிறது.

ஜிம்னி குடும்பத்து வண்டிதான் இது. ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பெயர்: எஸ்ஜே410, எஸ்ஜே413, சியரா, ஜிப்ஸி. அமெரிக்காவில் 1985 கடைசியில் சாமுராய் என்ற பெயரில் இறங்கியது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2,030 மில்லிமீட்டர்தான், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. முதல் வருஷத்திலேயே சுமார் 47,000 வண்டிகள் விற்றன.

1988 ஜூனில், கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகையை நடத்தும் கன்ஸ்யூமர்ஸ் யூனியன் அமைப்பு செய்தியாளர்களைக் கூட்டி, சாமுராய்க்கு 'ஏற்கத்தக்கது அல்ல' என்ற தரத்தை அறிவித்தது. கூடவே ஒரு படமும் காட்டியது. குறுக்கே ஏதோ வந்துவிட்ட மாதிரி வண்டியைச் சட்டென்று ஒரு பக்கம் ஒடித்து மறுபக்கம் திருப்புகிறார்கள். ஒரு பக்கத்துச் சக்கரங்கள் இரண்டும் மேலே தூக்குகின்றன, பாதுகாப்புக்காக வெளியே நீட்டிக் கட்டிய தாங்கு கம்பி தரையில் படுகிறது. அந்தக் கம்பி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று பார்த்தவர்கள் எல்லோருக்கும் புரிந்தது. விற்பனை சரிந்தது.

வண்டிகளைத் திரும்பப் பெற வைக்க வேண்டும் என்று அமைப்பு அரசிடம் மனு போட்டது. நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் அதே வருஷம் மனுவை நிராகரித்தது. அந்தச் சோதனை முறைக்கு அறிவியல் அடிப்படை இல்லை, உண்மையான விபத்துகளோடு அதைப் பொருத்திப் பார்க்க முடியாது என்று காரணம் சொன்னது.

கதை அதோடு முடியவில்லை. 1996இல் பத்திரிகை தன் 60ஆம் ஆண்டு மலரில் பழைய சோதனையை மறுபடி நினைவுகூர்ந்தது. சுசுகி வழக்கு போட்டது. வழக்கில் வெளிவந்த விவரம்: வழக்கமான சோதனைப் பாதையில் பலமுறை ஓட்டியும் சாமுராய் சாயவில்லை. அப்புறம் பாதையை மாற்றி, திருப்பங்களை நெருக்கி ஓட்டியபோதுதான் சக்கரம் தூக்கியது. முடிவை முன்பே வைத்துக்கொண்டு சோதனையை வளைத்தார்கள் என்றது சுசுகி. நிஜ வாழ்க்கையில் ஒரு குழந்தை குறுக்கே ஓடிவந்தால் இப்படித்தான் ஒடிப்பார்கள், அதைச் சோதிப்பது எங்கள் கடமை என்றது அமைப்பு. கீழ்க் கோர்ட்டு வழக்கைத் தள்ளியது. 2002இல் மேல் முறையீட்டு நீதிமன்றம் அதற்கு உயிர் கொடுத்தது. 2004 ஜூலையில் பணம் கைமாறாமல் சமரசம் ஆனது. சாதாரண ஓட்டத்தில் சாமுராய் எளிதில் கவிழும் என்று சொல்வது எங்கள் நோக்கமாக இருந்ததில்லை என்று அமைப்பு தெளிவுபடுத்தியது. கொடுத்த தரத்தை மட்டும் திரும்பப் பெறவில்லை.

யார் சரி என்றால், என் கருத்து இது. சோதனையை நடத்திய விதத்தில் குறை இருந்தது. அவர்கள் கேட்ட கேள்வியோ நியாயமானது. ஒரு குடும்பம் ஓட்டும் வண்டி, பதற்றத்தில் ஒடிக்கப்படும்போது சறுக்க வேண்டுமே தவிர சாயக் கூடாது. அந்தக் கேள்வியை 1988இல் அரசாங்கமே கேட்டு, எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரிச் சோதனை வைத்திருந்தால் இவ்வளவு வழக்கே வந்திருக்காது.

இப்போது எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரிச் சோதனை உண்டா?

அமெரிக்காவில் உண்டு. 2001 மாடல்களிலிருந்து நிலைத்தன்மைக் காரணியை வைத்து நட்சத்திரம் கொடுத்தார்கள். 2000இல் ஃபயர்ஸ்டோன் டயர் கிழிந்து ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் கவிழ்ந்த விவகாரம் வெடித்த பிறகு, ஓட்டிப் பார்க்கும் சோதனையும் வேண்டும் என்று சட்டம் வந்தது. 2004 மாடல்களிலிருந்து தூண்டில் முள் வடிவச் சோதனை சேர்ந்தது: இயந்திரக் கை ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் திருப்பி உடனே மறுபக்கம் திருப்பும், வேகம் மணிக்கு 56 கிலோமீட்டரில் தொடங்கி 80 வரை போகும். மனிதக் கை இல்லாததால் சாமுராய் சண்டையில் வந்த சந்தேகத்துக்கு இதில் இடமில்லை.

ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நட்சத்திரம், வேறு வண்டி சம்பந்தப்படாத தனி விபத்து நடந்தால் கவிழ எவ்வளவு வாய்ப்பு என்பதைச் சொல்கிறது. விபத்தே நடக்குமா என்பதை அது சொல்லாது.

புது வண்டிகளில் இஎஸ்சி (எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல்) இருக்கிறதே, இன்னும் பயப்பட வேண்டுமா?

இந்த விஷயத்தில் மனிதன் கண்டுபிடித்தவற்றில் சீட் பெல்ட்டுக்கு அடுத்தபடியாக நான் மதிப்பது இதைத்தான். வண்டி பக்கவாட்டில் நழுவத் தொடங்குவதை உணர்ந்து, நான்கு சக்கரங்களில் எதைப் பிடிக்க வேண்டுமோ அதை மட்டும் தானே பிரேக் பிடித்து வண்டியை நேராக்கும். மண்ணில் போய்த் தடுக்குவதற்கு முன்பே வண்டியை ரோட்டில் வைத்திருக்கப் பார்க்கும் என்பதுதான் இதன் அருமை. 2007இல் அமெரிக்கா இதைக் கட்டாயமாக்கும் விதியை வெளியிட்டபோது, எஸ்யூவிகள் தனியாகக் கவிழும் விபத்துகளில் 84 சதவீதத்தைத் தடுக்கும் என்று மதிப்பிட்டார்கள். 2012 மாடல் முதல் அங்கே எல்லா இலகு வண்டிகளிலும் இது உண்டு.

ஆனாலும் இயற்பியல் விதியை அது மாற்றாது. பல ஜீப்புகளில் லோ ரேஞ்ச், அதாவது சேறு, மேடு ஏற உதவும் வேகம் குறைந்த கியர், போட்டதும் இஎஸ்சி தானாக அணைந்துவிடும். சேற்றில் இருந்து வெளியே வந்து தார் ரோட்டில் ஏறும்போது, ஹை ரேஞ்சுக்கு மாற்றினீர்களா, இஎஸ்சி வேலை செய்யவில்லை என்று காட்டும் மஞ்சள் விளக்கு மீட்டரில் அணைந்ததா என்று ஒரு தடவை பாருங்கள்.

இன்னொரு சம்பவமும் உண்டு. 2020இல், மேலே சிஜே-5ஐச் சோதித்ததாகச் சொன்ன அதே ஆய்வு நிறுவனம் 2019 மாடல் நான்கு கதவு ராங்லரை, முன் மூலை மட்டும் இடிக்கும் சோதனையில் மோத வைத்தது. உள்ளே பொம்மைக்கு நல்ல பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் இடித்த பிறகு வண்டி அப்படியே பக்கவாட்டில் படுத்துவிட்டது. நவீன வண்டி, நவீன கருவிகள், இருந்தும் உயரமான உடம்பு தன் குணத்தைக் காட்டிவிட்டது.

உடம்பை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டு, பெரிய டயர் மாட்டி, மேலே கேரியர் வைத்தால் என்ன ஆகும்?

கம்பெனி வடிவமைப்பைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள், தாங்களே வண்டியை இன்னும் ஆபத்தாக்குவதைக் கவனிப்பதில்லை. பழைய கணக்கையே போடுவோம். 650ஐ 600ஆல் வகுத்தால் 1.08. மூன்று அங்குலம், அதாவது 75 மில்லிமீட்டர், மொத்த உடம்பையும் தூக்கினால் 650ஐ 675ஆல் வகுக்க வேண்டும். 0.96 ஆகிவிட்டது. ஒன்றுக்குக் கீழே. (ஆக்ஸிலும் சக்கரமும் ஸ்பிரிங்குக்குக் கீழே அப்படியே இருப்பதால் நிஜத்தில் ஈர்ப்பு மையம் கொஞ்சம் குறைவாகவே ஏறும். பெரிய டயர் போட்டால் அவையும் சேர்ந்து ஏறும்.)

லிஃப்ட் வேண்டாம், கூரை மேல் 60 கிலோ சாமான் மட்டும் என்கிறீர்களா? ஒரு டன் வண்டியில், 1.8 மீட்டர் உயரத்தில் 60 கிலோ வைத்தால் ஈர்ப்பு மையம் 600இலிருந்து 668க்கு ஏறும். காரணி 0.97. தலைப்பாரம் ஏற்றிய மாட்டு வண்டி ஏன் பள்ளத்தில் இறங்கும்போது சாய்ந்தது என்று நம் பெரியவர்களுக்கு வகுத்தல் கணக்கு இல்லாமலே தெரியும். கனமானதை எல்லாம் தரையோடு, இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவில் வையுங்கள். கூரையில் படுக்கை விரிப்பு, காலி கேன் மாதிரி லேசானவை மட்டும் போகட்டும்.

ஸ்பேசர் போட்டு அகலத்தைக் கூட்டினால் சரியாகிவிடுமா?

சக்கரத்தை வெளியே தள்ளி வைக்க உள்பக்கம் மாட்டும் தடித்த வளையம்தான் ஸ்பேசர். கணக்குப்படி உதவும். பக்கத்துக்கு 25 மில்லிமீட்டர் போட்டால் அகலம் 1,350 ஆகும், காரணி 1.12. ஆனால் மூன்று அங்குல லிஃப்டோடு சேர்த்தால் சரியாக 1.0தான், பழைய நிலைக்குக்கூட வரவில்லை. பேரிங்குக்கும் போல்ட்டுக்கும் பாரம் கூடும் என்பதையும் பார்க்க வேண்டும். மட்டமான ஸ்பேசர் விரிசல் விட்டால் சக்கரமே கழன்றுவிடும்.

சரிவான காட்டுப்பாதையில் எப்படி ஓட்டுவது?

நேராக ஏறு, நேராக இறங்கு. குறுக்காகப் போவதைத் தவிர்க்க முடியும் என்றால் தவிர்த்துவிடுங்கள். பார்வைக்குச் சரிவு சாதுவாகத்தான் இருக்கும், தரை ஏமாற்றும். 1,300 மில்லிமீட்டர் அகல வண்டியின் மேட்டுப்பக்கச் சக்கரம் 150 மில்லிமீட்டர் கல் ஒன்றில் ஏறினால் சாய்வு சட்டென்று ஆறரை டிகிரி கூடும். அதே நேரம் பள்ளத்துப் பக்கச் சக்கரம் அதே ஆழக் குழியில் இறங்கினால் மொத்தம் 13 டிகிரி.

எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்தது இல்லை. நண்பர் ஓட்டிய ஒரு பழைய ஜீப்பில் மேட்டுப்பக்க சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பாதை லேசாகத்தான் சாய்ந்திருந்தது. ஈர மண்ணில் மறைந்திருந்த ஒரு கல் மேல் என் பக்கத்துப் பின் சக்கரம் ஏறியது. டேஷ்போர்டில் இருந்த தண்ணீர் பாட்டில் உருண்டு போய் எதிர்ப்பக்கக் கதவில் இடித்தது. எட்டிப் பார்த்தேன். முன் சக்கரம் தரையில் இல்லை. காற்றில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது, டயர் வரியில் ஒட்டியிருந்த சேறு சொட்டுச் சொட்டாக விழுந்தது. யாரும் பேசவில்லை. நண்பர் பிரேக் பிடிக்கவில்லை, மேட்டுப் பக்கம் திருப்பவும் இல்லை. ஸ்டீயரிங்கைப் பள்ளத்துப் பக்கம் கொஞ்சமாகத் திருப்பினார். மூக்கு கீழே இறங்கியது, சக்கரம் பட்டென்று தரையைத் தொட்டது. மனசு மேட்டுப் பக்கம்தான் திருப்பச் சொல்லும். திருப்பினால் அதுவே கவிழ்த்துவிடும்.

மேட்டில் ஏறும்போது பாதியில் நின்றுவிட்டால் அங்கேயே வண்டியைத் திருப்பப் பார்க்காதீர்கள். ரிவர்ஸ் கியரில், ஏறிய தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்குங்கள்.

கவிழப் போகிறது என்று தெரிந்தால் குதித்துவிடலாமா?

கூடாது. கதவு திறந்து வெளியே விழுபவர் மேல்தான் வண்டி உருளும். மேலே சொன்ன 2010ஆம் வருஷக் கணக்கில், கவிழ்ந்த விபத்துகளில் இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சீட் பெல்ட் போடாதவர்கள். பெல்ட் போட்டு, கையை உள்ளே வைத்து, தலையை சீட்டோடு அழுத்திக்கொள்ளுங்கள். ரோல் பார் கம்பியை வெளிப்பக்கமாகப் பிடிக்கிற பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். வண்டி படுத்தால் முதலில் தரைக்கும் கம்பிக்கும் நடுவில் மாட்டுவது அந்த விரல்கள்தான்.

துணிக் கூரை வண்டியில் கூரை என்று ஒன்று இல்லவே இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே உங்களைக் காப்பாற்றப் போவது பெல்ட்டும் கம்பியும் மட்டும்தான்.

குவாட் பைக், சைடு பை சைடு வண்டிகளும் இதே மாதிரிதானா?

குவாட் பைக் என்பது பைக் மாதிரி ஏறி உட்காரும் நான்கு சக்கர வண்டி, சைடு பை சைடு என்பது பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் சின்னக் காட்டு வண்டி. கணக்கு அதேதான், அளவு இன்னும் மோசம். அகலம் குறைவு, மேலே உட்காரும் ஆளின் எடை வண்டி எடையில் பெரிய பங்கு. குவாட் பைக் மாதிரியே ஏறி உட்காரும் மூன்று சக்கர ஏடிவி வண்டிகளின் விற்பனை அமெரிக்காவில் 1988 ஒப்பந்தத்தோடு முடிந்தது. 2009இல் யமஹா ரைனோ 450, 660 என்ற சைடு பை சைடு வண்டிகளுக்கு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தோடு சேர்ந்து இலவசத் திருத்தம் அறிவித்தார்கள். பின் சக்கரங்களில் 50 மில்லிமீட்டர் ஸ்பேசர், பின் ஆன்டி ஸ்வே பார் (உடம்பு சாய்வதைக் குறைக்கும் கம்பி) நீக்கம், இவைதான் முக்கிய மாற்றம். அந்த ஸ்பேசர், நாம் மேலே போட்ட வகுத்தலை அப்படியே செயலில் காட்டிய மாதிரி.

என் பார்வையில் சரியாகச் செய்த நாடு ஆஸ்திரேலியா. அங்கே 2021 அக்டோபர் 11 முதல் பொதுப் பயன்பாட்டுக்கு விற்கும் புதிய குவாட் பைக்குகளில், கவிழ்ந்தாலும் ஓட்டுபவர் நசுங்காமல் இடம் விடும் பாதுகாப்பு வளைவு கட்டாயம். பக்கவாட்டில் 28.8 டிகிரி வரை சாய்த்தாலும் வண்டி கவிழக் கூடாது என்ற அளவும் வைத்திருக்கிறார்கள். குழந்தையைப் பெரியவர் வண்டியில் ஏற்றாதீர்கள் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

பழைய சின்ன ஜீப் ஒன்று பார்த்திருக்கிறேன். கவிழ்வதை மனதில் வைத்து எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கர வளைவுகளின் உயரத்தையும் டேப்பில் அளந்து எழுதுங்கள். இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தால் ஒரு பக்கப் பட்டை ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் திருப்பத்தில் சீக்கிரம் அமுங்கும். குனிந்து ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே கட்டை வைத்துத் தூக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். டயர் பக்கவாட்டில் எழுதியுள்ள அளவையும் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அளவையும் ஒப்பிடுங்கள். முன் மூலையை அழுத்தி விடுங்கள், ஒரு தடவைக்கு மேல் ஆடினால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. ஸ்டீயரிங்கில் வெற்று ஆட்டம் அதிகமாக இருந்தால், பதற்றத்தில் தேவைக்கு மேல் ஒடித்துவிடுவீர்கள்.

பின் சீட்டில் பெல்ட் இருக்கிறதா, பூட்டுகிறதா என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். கடைசியாக, தரை விரிப்பைத் தூக்கி, ரோல் பார் பாடியோடு சேரும் இடத்தில் சாவியால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. சொத்தென்று கேட்டு துரு உதிர்ந்தால், அடியில் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்கும் வரை அந்த வண்டியை மலைப் பாதைக்கு எடுக்காதீர்கள்.